மோட்டார்ஹோமில் அணையாத மஞ்சள் எஞ்சின் விளக்கு

ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டி) நான்கு நாளாகக் குட்டிக் குட்டி ஓட்டம், பேட்டரி சார்ஜ் ஏற முகாமில் எஞ்சினை ஓடவிட்டது, இப்போது மஞ்சள் விளக்கு, ஆனால் இழுவை குறையவில்லை என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் டிபிஎஃப், அதாவது புகைக்கரி வடிகட்டி. அதில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால் அது எங்கே வரும்?

ஆனாலும் ஊகத்தில் பாகம் எதையும் மாற்றாதீர்கள். சின்ன ஓபிடி ரீடரை, அதாவது வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறு எண்ணைக் காட்டும் கருவியைச் செருகி, அந்தக் குறியீட்டைப் படியுங்கள். பி2463 என்றால் கரி மிகுதி. பி0401 என்றால் இஜிஆர் பக்கம், அதாவது வெளியேறும் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அமைப்பு. குறித்துவைக்காமல் அழித்துவிட வேண்டாம், மெக்கானிக்குத் துப்பே அதுதான்.

அப்புறம் டிப்ஸ்டிக், அதாவது எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கரி எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து மட்டம் ஏறும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டவே கூடாது, முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

மட்டம் சரி, குறியீடும் கரிதான் என்றால், டேங்கில் போதிய டீசலோடு ஏ9 சாலையில் 20, 30 நிமிடம் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியும்போது சில வண்டிகள் தானாக எரிப்பைத் தொடங்காது. அப்போது கராஜில்தான் செய்ய வேண்டும். விளக்கு மினுக்கினாலோ ஆயில் விளக்கு சிவப்பாக வந்தாலோ உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். குறியீடு கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.