பனிக்காலத்துல கறவை மாடு: கேள்வி பதில்

அக்கா, ராத்திரி குளிர் அதிகம்னு கொட்டகையைச் சுத்தி தார்ப்பாய் கட்டி மூடிட்டோம். காலைல உள்ள போனா கண்ணு எரியுது, ரெண்டு கன்னுக்குட்டி இருமுது. குளிர் புகுந்துருச்சா?

குளிர் இல்லப்பா, காத்து போகாததுதான். கண்ணு எரியிறது மூத்திரமும் சாணமும் கலந்து கிளம்புற அம்மோனியா நெடி. நின்னு பாத்தா பாதிதான் தெரியும். கன்னு படுக்குற இடத்துல மண்டி போட்டு, அது மூக்கு இருக்குற உயரத்துல மூச்சை இழுத்துப் பாருங்க. ஒரு நிமிஷம் தாங்க மாட்டீங்க. அப்புறம் கூரைத் தகட்டோட அடிப்பக்கத்தைத் தடவுங்க. கை நனைஞ்சா ஈரம் வெளியேறவே இல்லன்னு அர்த்தம். ஒரு கறவை மாடு மூச்சுலயும் தோல்லயுமா நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல ஈரத்தை விடும். அது போக வழி வேணும்ல?

தார்ப்பாயைக் கழட்ட வேண்டாம். மாடு படுத்திருக்குற உயரத்துக்குக் காத்து நேரா அடிக்காம இருந்தா போதும். மேல, கூரைக்குக் கீழ, ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க. பெரிய மாடு குளிரை நல்லாவே தாங்கும். குளிருக்குப் பழகி, முடி அடர்ந்து, உடம்பு காய்ஞ்சிருந்தா பூஜ்ஜியத்துக்குக் கீழ போனாலும் சமாளிக்கும். ஜெர்சி மாதிரி சின்ன உடம்புக்காரங்க கொஞ்சம் முன்னாடியே நடுங்குவாங்க. ஆனா முடி நனைஞ்சுட்டா எந்த மாட்டுக்கும் 15 டிகிரியே குளிர்தான். அதனால கொட்டகையைச் சூடா வைக்கப் பாக்காதீங்க, காய வைக்கப் பாருங்க. இருமுற கன்னுங்களுக்கு இன்னைக்கே காய்ச்சல் பாருங்க. 39.5 டிகிரியைத் தாண்டினா மருத்துவரைக் கூப்பிடுங்க.

மாட்டுக்குச் சாக்கு போத்தலாமா?

பெரிய மாட்டுக்குத் தேவையில்ல. மூணு வாரத்துக்கு உள்பட்ட கன்னுக்குப் போத்தலாம். நனைஞ்ச சாக்கு போத்தாததை விட மோசம், வெயில் வந்ததும் எடுத்துருங்க.

அடுத்த வாரம் ஒரு மாடு ஈனப் போகுது. ராத்திரில ஈன்னா கன்னை எப்படிக் காப்பாத்துறது? போன வருஷம் ஒண்ணு விறைச்சே செத்துப்போச்சு.

கன்னு பொறக்கும்போது உடம்புல கொழுப்பு ரொம்பக் கொஞ்சம். அதை எரிச்சு ஒரு ராத்திரி ஓட்டும், அவ்வளவுதான். தாய் நக்கட்டும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. காய்ஞ்ச துணியால முடியை எதிர்ப்பக்கமா அழுத்தித் தேய்ங்க. மேல் முடி மட்டும் காயுறது போதாது, அடி முடி பொசுபொசுன்னு எழும்பணும். கொப்பூழை அயோடின்ல முக்குங்க.

ரெண்டு மணி நேரத்துக்குள்ள சீம்பால். 30 கிலோ கன்னுன்னா மூணு லிட்டர், அதாவது எடையில பத்துல ஒரு பங்கு. ஒரே தடவைல குடிக்கலன்னா கொஞ்ச நேரம் கழிச்சு மீதியைக் கொடுங்க. "நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கொடுப்போம்"னு காத்திருக்குற பழக்கம் இருந்தா விட்டுருங்க. சீம்பால்ல இருக்குற நோய் எதிர்ப்புச் சத்தைக் குடல் இழுத்துக்குறது மணிக்கு மணி குறைஞ்சு, ஒரு நாள்ல நின்னே போயிடும். வாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்து சப்பவும் செய்யலன்னா முதல்ல கன்னைச் சூடாக்கணும். சப்பத் தெம்பில்லாத கன்னுக்குப் பாலை வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்.

படுக்கைக்கு வைக்கோல் தாராளமா போடுங்க. கன்னு படுத்தா கால் வைக்கோலுக்குள்ள மறையணும். கால் முழுசா வெளிய தெரிஞ்சா இன்னும் போடணும். 15 டிகிரிக்குக் கீழ போற நாள்ல சின்னக் கன்னுக்கு வழக்கமான பால் பத்தாது. ராத்திரி படுக்கப் போகும் முன்ன மூணாவது வேளை ஒண்ணு சேருங்க, பால் கன்னோட உடம்புச் சூட்டுல, 38, 39 டிகிரில இருக்கட்டும்.

குளிர் ஆரம்பிச்சதுல இருந்து பால் குறையுது. பிண்ணாக்கு, தவிடு மாதிரி அடர் தீவனத்தைக் கூட்டட்டுமா?

முதல்ல தண்ணித் தொட்டியைப் பாருங்க. பால்ல 87 சதவீதம் தண்ணி. ராத்திரி முழுக்கத் திறந்த தொட்டியில நின்ன தண்ணியில மாடு வாயை வச்சுட்டு எடுத்துடும். தண்ணி குறைஞ்சா தீனியும் குறையும், பாலும் இறங்கும். விடியக்காலை தொட்டியைக் காலி பண்ணிட்டு அப்பவே இறைச்ச தண்ணியை விடுங்க. நிலத்தடித் தண்ணி அந்த நேரத்துல வெதுவெதுன்னுதான் இருக்கும். கறந்த உடனே மாடு ஒரே மூச்சுல நிறைய குடிக்கும், அந்த நேரத்தைத் தவற விடாதீங்க.

தீனியைக் கூட்டணும்னா வைக்கோல் மாதிரி உலர் தீவனத்துல தொடங்குங்க. நார் வயித்துல நொதிக்கும்போது சூடு தானா வரும். சாயங்காலம் ஒரு பங்கு கூடுதலாப் போட்டா ராத்திரிக்கு உதவும். அடர் தீவனத்தை ஒரே நாள்ல கூட்டினா வயித்துல அமிலம் ஏறி அசை போடுறதே நின்னுடும். ஒரு வாரமாவது எடுத்துக்கிட்டுப் படிப்படியாக் கூட்டுங்க.

கறந்த பிறகு காம்பை மருந்துல முக்குறதால வெடிக்குது. பனிக்காலத்துல நிறுத்திடலாமா?

நிறுத்தாதீங்க, மடிநோய் வந்து நிக்கும். முக்கி 30 விநாடி விட்டு, நுனியில நிக்கிற சொட்டைத் துணியால ஒத்தி எடுங்க, மாட்டுக்கு ஒரு துணி. ஈரக் காம்போட குளிர்காத்துல விடுறதாலதான் வெடிக்குது. கிளிசரின் மாதிரி மென்மையாக்கிற பொருள் சேர்ந்த மருந்தா வாங்குங்க.

தினமும் குளிப்பாட்டணுமா?

வேண்டாம். நார்த் தூரிகையால தேய்ங்க. கழுவியே ஆகணும்னா உச்சி வெயில்ல.

ஒரு மாடு கழுத்தைத் தூண்ல தேய்ச்சுக்கிட்டே இருக்கு, முடி கொட்டுது. சத்துக் குறைவா அக்கா?

பேன் பிடிச்சிருக்கும். பனிக்காலத்துலதான் பெருகும். கழுத்து, தோள்பட்டை, வால் அடியில முடியைப் பிரிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. நகர்றது பேன், முடியில ஒட்டியிருக்குறது ஈரு. மருந்து ஈரைக் கொல்லாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் போடணும். ஒரு மாட்டுல இருந்தா எல்லா மாட்டுக்கும் சேர்த்துத்தான். கறவை மாட்டுக்கு ஏத்த மருந்தான்னும், எத்தனை நாள் பாலை ஒதுக்கணும்னும் மருத்துவர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சா பால் கூடுமாமே?

பூரா எரிஞ்சா கூடாது. கறவை மாட்டுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. அந்த இருட்டும் அதுக்குத் தேவை. பலன் தெரிய சில வாரம் ஆகும். பால் வத்தின சினை மாடு இருந்தா அதைத் தனியாக் கட்டுங்க, அதுக்கு நீண்ட இருட்டுதான் நல்லது.