மயங்கி விழுந்தவர் பக்கத்தில் நாம் இருந்தால்: அடுக்ககவாசிகளின் கேள்விகளுக்கு அவசரப் பிரிவு செவிலியர் பதில்

குரோம்பேட்டை: சிஸ்டர், எங்கள் பிளாக்கில் ஒருவர் சுருண்டு விழுந்தார். குறட்டை மாதிரி மூச்சு வந்ததால் 108 வரும்வரை விசிறிக்கொண்டிருந்தோம். சரிதானா?

அது மூச்சே இல்லைங்க. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அப்படி விட்டுவிட்டு இழுக்கும். கரையில் போட்ட மீன்போல வாய் திறந்து மூடும். அதைப் பார்த்து ஏமாந்துதான் பல உயிர் போகிறது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்ததும் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். சாவி வலிப்புக்கே உதவாது.

மடிப்பாக்கம்: ஹார்ட் அட்டாக்கும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. அட்டாக் வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அங்கே ரத்தக்குழாய் அடைப்பு. இதில் துடிப்பே நின்றுபோகும். அட்டாக் முற்றியும் இது வரலாம்.

வேளச்சேரி: பயிற்சி இல்லாமல் நெஞ்சை அழுத்தலாமா? விலா உடைந்தால் கேஸ் ஆகாதா?

தாராளமாக அழுத்துங்கள். 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள். கட்டிலில் இருந்தால் தரைக்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் நெஞ்சு முழுதாக எழும்பி வரட்டும். கை சளைக்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா உடைந்தால் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணத்தோடு உயிர் காக்கச் செய்வதற்குப் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

அம்பத்தூர்: விழுந்தவர் பெண்ணாக இருந்தால் தொடத் தயக்கமாக இருக்கிறதே?

அந்தத் தயக்கத்தில் நம் அக்கா தங்கைகள் செத்துப்போகிறார்கள், அதுதான் என் ஆதங்கம். நாலு பெண்கள் புடவையோ துப்பட்டாவோ பிடித்து மறைத்து நிற்கட்டும். நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவி இருந்தால், அதன் பட்டை வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். வியர்வையைத் துடையுங்கள், தாலிச் சங்கிலியை ஒருபுறம் ஒதுக்குங்கள்.

போரூர்: எங்கள் சங்கத்தில் ஏ.இ.டி. வாங்கலாம் என்கிறோம். உங்கள் யோசனை?

வாங்குங்கள். ஆனால் செயலாளர் அறை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். நெஞ்சை அழுத்தாமல், ஷாக்கும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சாவி தேட ஏது நேரம்? கேட் பக்கத்தில் பூட்டில்லாத பெட்டியில் மாட்டுங்கள். பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள். கருவி என்ன செய்ய வேண்டும் என்று குரலில் சொல்லும். தேவையில்லாதவருக்கு ஷாக் கொடுக்காது. சிங்கப்பூரில் 2015 முதல் ஒரு செயலி, பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரின் கைப்பேசிக்கே தகவல் அனுப்பி ஓடிவரச் செய்கிறது.

அதே போரூர்: பயிற்சிக்கு யாரை அனுப்புவது? கமிட்டி உறுப்பினர்கள் போதுமா?

பகல் பதினோரு மணிக்கு வளாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, அயர்ன் வண்டிக்காரர். முதல் வரிசையில் அவர்களை உட்கார வையுங்கள், அன்றைய கூலியையும் சங்கமே கொடுக்கட்டும்.