தத்தெடுக்கப் போகும்போது துணி எவ்வளவு எடுப்பது?

தத்தெடுக்க வெளிநாட்டுக்கு மூன்று வாரப் பயணம், இரண்டு வயதுக் குழந்தை, அளவும் தெரியாது, எத்தனை துணி எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு ஆளுக்கு ஐந்து செட் தாராளம்; துவைத்துத் துவைத்துப் போடலாம். சீக்கிரம் காயும் துணியாக, அடர் நிறத்தில் இருக்கட்டும். தோளில் வாந்தியும் பாலும் வழியும், வெள்ளைச் சட்டை பாவம். நீதிமன்றத்துக்கும் தூதரகத்துக்கும் ஒரு நல்ல உடை தனியாக இருக்கட்டும்.

குழந்தைக்குத்தான் யோசிக்க வேண்டும். காப்பகத்தில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குச் சிறிய உடம்பாக இருப்பார்கள். அதனால் ஒன்றரை வயது அளவில் மூன்று, இரண்டு வயது அளவில் இரண்டு போதும். இடுப்பில் எலாஸ்டிக் இருந்தால் அளவு முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். ஷூ மட்டும் இங்கிருந்து வாங்காதீர்கள், காலைப் பார்த்து அங்கேயே வாங்குங்கள்.

அப்புறம் ஒன்று. குழந்தை போட்டுக்கொண்டு வரும் உடையைக் காப்பகம் திருப்பிக் கேட்கலாம். கேட்காவிட்டால் உடனே துவைத்துவிடாதீர்கள். பழகிய வாசனை அதில்தான் இருக்கும். முதல் சில இரவுகள் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் அடங்கித் தூங்கும். திரும்பும் விமானத்துக்குக் கைப்பையில் குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டை. எங்களுடையது பெட்டிக்குள் போய்விட்டது, பத்து மணி நேரம் நாற்றத்தோடு வந்தோம்.