கண் நலம்: காலையில் மட்டும் ஏன் மங்கல்?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. காலையில் எழுந்ததும் ஆவின் பாக்கெட்டில் இருக்கும் தேதியைக்கூடப் படிக்க முடியவில்லை என்கிறார். பத்து, பதினொரு மணிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடுகிறது. கண்ணில் புரை இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா டாக்டர்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: செய்யலாம். ஆனால் நாள் குறிப்பதற்கு முன் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது.

புரை காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருக்காது. எழுந்ததும் மங்கலாக இருந்து போகப் போகத் தெளிகிறது என்றால் நான் முதலில் கருவிழியைத்தான் (கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா) சந்தேகிப்பேன். ஃபூக்ஸ் டிஸ்ட்ரோஃபி என்ற கோளாறாக இருக்கலாம். வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910இல் விவரித்தது. பெண்களுக்கு அதிகம் வரும், குடும்பத்திலும் தொடரும். பெரியம்மா, சித்தி யாருக்காவது இப்படி இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கருவிழியின் உள்பக்கம் ஒரே ஓர் அடுக்காகச் சில செல்கள் உண்டு. மழைக்காலத்தில் நம் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் மோட்டார் போட்டு இறைப்பதுபோல, உள்ளே கசியும் நீரை இவை ஓயாமல் வெளியேற்றும். இவை செத்தால் புதிதாக முளைக்காது. அப்புறம் நீர் தங்கி, கருவிழி உப்பி, பார்வை மங்கும். இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் ஈரம் ஆவியாக வழியில்லை. அதனால்தான் காலையில் மோசம். காற்றில் ஈரம் கூடுதலான நவம்பர் நாட்களில் தெளிய இன்னும் நேரமாகும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 செல்கள் இருக்கும். புரை ஆபரேஷனிலும் கொஞ்சம் போகும். ஏற்கெனவே குறைச்சலாக இருந்தால், புரை போன பிறகும் மங்கல் போகாது. வீட்டில் எல்லோரும் டாக்டரைத் திட்டுவார்கள். ‘ஸ்பெகுலர் மைக்ராஸ்கோப்பி’ செய்துவிட்டீர்களா என்று கேளுங்கள். வலி கிடையாது, கண்ணை ஒரு போட்டோ எடுப்பார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை தெரிந்தால் ஆபரேஷன் செய்பவர் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

ஆரம்ப நிலையில் 5 சதவீத உப்பு சொட்டு மருந்து உதவும். மருந்துக் கடையில் கிடைப்பதைச் சொல்கிறேன், சமையல் உப்பைக் கரைத்து விட்டுவிடாதீர்கள் (கேட்டவர்கள் உண்டு!). முற்றிவிட்டால் முழுக் கருவிழியையும் மாற்ற வேண்டியதில்லை. தானக் கண்ணிலிருந்து முடியைவிட மெல்லிய உள்படலத்தை மட்டும் எடுத்து வைக்கும் ‘டிமெக்’ சிகிச்சை இருக்கிறது. படலம் ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் காற்றுக் குமிழ் விட்டிருப்பார்கள். அதனால் சில நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். கஷ்டம் அதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. கருவிழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிகிறது. பார்வை போய்விடுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: போகாது. வயதானால் ஓரத்தில் படியும் கொழுப்புதான் அது, நடுப்பகுதிக்கு வராது. உங்களுக்கே நாற்பதுக்குள் அப்படி ஒரு வளையம் தெரிந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.