ஊசுட்டேரி முதல் பிச்சாவரம் வரை: காட்டோரம் போகிறவர்கள் கேட்டவை

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் காடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஊசுட்டேரிக் கரை, மரக்காணம் பக்கத்துக் கழுவெளி சதுப்பு நிலம், புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, ஆரோவில்லைச் சுற்றிய செம்மண் ஓடைகள், தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு என்று எல்லாமே அரை நாளில் போய்வரக்கூடிய தூரம். பக்கத்தில் இருப்பதாலேயே யாரும் தயாராகப் போவதில்லை. ஹவாய் செருப்பு, கையில் ஒரு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். இருபது வருடங்களாகப் பறவை பார்க்க இந்த இடங்களில் நடக்கிறேன். புதிதாக வருகிறவர்களையும் கூட்டிப்போகிறேன். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசைதான். பாம்பை நினைத்தால்தான் பயம். என்ன செய்வது சார்? (லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா)

பயப்படுவது சரிதாம்மா, ஆனால் சரியான இடத்தில் பயப்பட வேண்டும். நாம் நடக்கும் அதிர்வு தெரிந்தாலே பெரும்பாலான பாம்புகள் ஒதுங்கிவிடும். ஒதுங்காமல் கிடந்த இடத்திலேயே கிடப்பது கண்ணாடி விரியன். சருகோடு சருகாகக் கிடக்கும். கிட்டே போனால் குக்கர் ஆவி விடுவதுபோல் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். வழியில் பனைமரம் விழுந்து கிடந்தால் தாண்டிக் குதிக்கக் கூடாது. முதலில் மரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும், அந்தப் பக்கத்துத் தரையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் காலை வைக்க வேண்டும். கைக்கும் இதே கதைதான். புற்று, பொந்து, கல்லிடுக்கு எதிலும் பார்க்காமல் கை போகக் கூடாது. கணுக்காலை மூடும் ஷூவும் தொளதொளப்பான பேண்ட்டும் போட்டுவிடுங்கள்.

கடித்துவிட்டால்? கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தால் இறுகிக்கொள்ளும். கடிபட்ட காலை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, படுக்க வைத்து, 108க்குக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிப்மர், புதுச்சேரி அரசு பொது மருத்துவமனை, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இதில் எது பக்கமோ அங்கே.

பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக்கொடுப்பதில் பெரும்பங்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும், பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்துடையது. பாம்பைக் கண்டதும் அடிக்கக் கிளம்புகிறவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

பாம்பு, தேள் தவிர வேறு என்ன அண்ணா கவனிக்கணும்? (நெய்வேலி, கல்லூரி மாணவர்)

கண்ணுக்கே தெரியாத ஒன்றை, தம்பி. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் கார்த்திகை மாதம். ஏரிக்கரைப் புதர் ஓரம் புல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நாமக்கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலையைப் பிளக்கிற வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் ஊசி போட்டார்கள், காய்ச்சல் அசையவில்லை. அப்புறம் போன பெரிய மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் வந்ததும் முதலில் கேட்டது, "புதர், வயல் பக்கம் போனீர்களா?" சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், தொப்புள், இடுப்பு என்று தேடினார். பேண்ட் பெல்ட் இறுகும் இடத்தில், பீடி நெருப்பால் சுட்டதுபோல் கறுப்பாகக் காய்ந்த ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் தினமும் குளித்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

அது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வார்கள். மாட்டுமேல் இருக்கும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில், நம் பக்கம் நிறைய வரும். நாம் பறவை பார்க்கக் கிளம்புவதும் அதே மாதங்களில்தான். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை மலிவான மருந்துக்கே கேட்டுவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிரையே எடுக்கும்.

ஆகவே வெறும் புல்லில் உட்காராதீர்கள். பாயோ தார்ப்பாயோ விரியுங்கள். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். பூச்சி விரட்டிக் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை வெந்நீரில் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் புதர்ப் பக்கம் போயிருந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஐந்து நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

பனைமரத்தில் கதண்டுக் கூடு இருக்கிறது என்று தெரிந்தும் அந்த வழியாகப் போகலாமா? (பண்ருட்டி)

போகாதீர்கள். சுற்றிப் போங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கதண்டு என்கிற பெரிய குளவி பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கொட்டி ஆள் செத்துப்போன ஊர்கள் உண்டு. கூட்டமாக வந்தால் ஒன்று இரண்டோடு விடாது. புகை போடுவது, கல் எறிவது, மரத்தடியில் கத்திப் பேசுவது மூன்றும் அதைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான், வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகும்வரை. குளத்தில் குதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், தலையைத் தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மலைத்தேனீக்கும் இதேதான். செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு கொட்டுக்கே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, வாந்தி வந்தால் அது ஒவ்வாமை. சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள் மருத்துவமனைக்கு.

கிராமத்துக்குப் பக்கத்தில் கூடு இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள், வந்து அழிப்பார்கள்.

பிச்சாவரத்தில் படகில்தானே போகிறோம், அதில் என்ன ஆபத்து? (திருப்பாதிரிப்புலியூர்)

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைப் போடாமல் தோளில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் முதல் ஆபத்து. ஆழம் குறைவுதான், ஆனால் கீழே சேறு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் எழும்ப வராது. குனிந்து போகும் ஓடைகளில் வேரைப் பிடித்து இழுத்து விளையாடாதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி அறுக்கும்.

இன்னொன்று, படகுக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் காட்டில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம். இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். ஒருமுறை என்கூட வந்த பையன் சும்மா ஒரு கிளையை ஒடித்தான். படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ணைத் தொடாத தம்பி" என்று சொல்லி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றிக் கழுவினார். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிந்து வீங்கி, பார்வையே போகலாம். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, நேரே கண் டாக்டரிடம் போங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் பிச்சாவரம். சுரபுன்னையோ தில்லையோ, ஒரு கிளையைக்கூட ஒடிக்காமல் திரும்புவோமே.

கத்திரி வெயிலில் போகலாமா?

வேண்டாம். நம் ஊர் வெயில் சென்னை வெயிலைப்போல வியர்வை காயாத வெயில், உடம்பு தணியவே தணியாது. போயே தீர வேண்டுமென்றால் ஐந்தரைக்கு இறங்கி எட்டரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். கூட வருகிறவருக்குப் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அதோடு நடையை நிறுத்திவிட்டு நிழலில் படுக்க வைத்து, சட்டையை நனைத்து விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள்.

ஊசுட்டேரியில் பிள்ளைகள் கரையோரம் இறங்கி விளையாடலாமா? தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிகிறது. (வில்லியனூர்)

அந்த "முழங்கால் அளவு" கண்ணைக் கட்டும் வித்தை. நம் பக்கத்து ஏரிகள் பலவற்றில் கோடையில் சவுடு மண் எடுத்திருப்பார்கள். மழையில் ஏரி நிரம்பியதும் மேலே ஒரே சமமாகத் தெரியும். நாலு எட்டு முழங்கால் தண்ணீர், ஐந்தாவது எட்டில் தலைக்கு மேல். ஒரு பிள்ளை வழுக்கினால் காப்பாற்றப் போகும் இரண்டாவது பிள்ளையும் போய்விடும். நீச்சல் தெரியாதவர் இறங்கவே கூடாது. துண்டு, புடவை, கம்பு எதையாவது நீட்டி இழுக்க வேண்டும். புதுச்சேரிப் பகுதி ஏரியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். கரையில் நின்று பார்ப்பதற்கான இடம்தான் அது. கழுவெளியும் 2021 முதல் சரணாலயம். உள்ளே போகும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் காய், விதை என்று எதையாவது பொறுக்கிக்கொண்டே வருகிறார்கள்.

பொறுக்கட்டும், வாயில் வைக்காமல் இருந்தால் போதும். குன்றிமணியை மென்றுவிட்டால் விஷம். செங்காந்தள் கிழங்கும் அப்படியே. பனிக்காலத்தில் வெல்வெட் துணி சுற்றியதுபோல் பழுப்பாகத் தொங்கும் பூனைக்காலிக் காயைத் தொடவே விடாதீர்கள். அதன் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். சொறிந்தால் இன்னும் பரவும். ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

ஆரோவில் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் மழை நேரம் படம் எடுக்க ஆசை. (முத்தியால்பேட்டை)

மழை விட்ட மறுநாள் போங்கள் தம்பி. செம்மண் விளிம்பு அடியில் அரித்துப்போய் மேலே கூரை மாதிரி நிற்கும், நீங்கள் ஏறி நின்றதும் உடையும். பள்ளத்துக்குள் இருந்தால் மேட்டு மழைத் தண்ணீர் திடீரென்று இறங்கும். இடி இடித்தால் பனைமரத்தடியில் ஒதுங்கவே கூடாது. அந்த வெளியில் தலை கருகி மொட்டையாக நிற்கும் பனைகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் இடி விழுந்தவையும் உண்டு. காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள்.

புத்துப்பட்டுக் கோயில் காட்டில் செருப்பைக் கழற்ற வேண்டுமே, அப்போது முள்ளும் பாம்பும்? (கோட்டக்குப்பம்)

நல்ல கேள்வி. சன்னிதி இருக்கும் இடத்தில் கழற்றத்தான் வேண்டும். அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும், கூட்டிப் பெருக்கிய மண், பயமில்லை. அதைத் தாண்டி மரங்களைப் பார்க்கப் போவதென்றால், எதுவரை போகலாம், செருப்போடு போகலாமா என்று பூசாரியிடமே கேளுங்கள், சொல்வார். வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் காட்டிலிருந்து சுள்ளிகூட எடுத்துப்போகக் கூடாது என்று ஊர் காத்து வந்ததால்தான், மற்ற இடங்களில் விறகாகிப்போன வீரையும் காசா மரமும் இன்னும் அங்கே நிற்கின்றன. ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல், ஓர் ஆள் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு போகட்டும். மற்றவர்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வரலாம். நாங்கள் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போவோம்.