எஞ்சினைப் பிரித்ததும் கழுவாதீர்கள்

கேள்வி இதுதான்: ஹாஃப் எஞ்சின் வேலை (எஞ்சினின் மேல்பாதியான ஹெட், பிஸ்டன் பகுதியை மட்டும் பிரித்துச் சரிசெய்வது) முடித்து மாட்டிக் கொடுத்த பைக்குகள் சில மாதங்களில் மறுபடி புகையோடு திரும்பி வருவது ஏன், புதிதாக ஷெட் போடுகிறவன் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நான் பார்த்தவரை மாட்டும்போது நடக்கும் தப்பைவிட, பிரித்த முதல் பத்து நிமிடத்தில் நடக்கும் தப்புதான் அதிகம். ஹெட்டைக் கழற்றியவுடன் எல்லாவற்றையும் பெட்ரோல் தட்டில் போட்டுப் பளபளவென்று கழுவிவிடுகிறார்கள், வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய அழுக்கு அதோடு போய்விடுகிறது. பிஸ்டன் தலையில் கரி காய்ந்து கறுப்பாக இருக்கிறதா, இல்லை ஓரத்தில் மட்டும் ஆயில் பட்டுக் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். இன்டேக் வால்வின் முதுகில் ஈரமான கரி அப்பியிருந்தால் வால்வு சீலையும் (ஆயிலைத் தடுக்கும் ரப்பர்) கைடையும் (வால்வு தண்டு ஓடும் குழாய்) சந்தேகப்படுங்கள். அங்கே கோளாறை வைத்துக்கொண்டு புது பிஸ்டன் கிட் போட்டால் புகை நிற்காது. வண்டி திரும்பி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டில், போர் (பிஸ்டன் ஓடும் துளை) ஓரத்திலிருந்து போல்ட் துளைவரை கறுப்புக் கோடு ஓடியிருந்தால் கம்ப்ரஷன் அந்த வழியாகப் போயிருக்கிறது. பிஸ்டனில் ஒரு பக்கம் மட்டும் கோணலாகத் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். வடித்த ஆயிலில் மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை விட்டுப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ பித்தளையோ. இதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் கழுவுங்கள்.

கழுவிய பின் கண்ணை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். பழைய ஸ்ப்ளெண்டர் மாதிரி 50 மி.மீ. போர் உள்ள வண்டியில் ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்க்க வேண்டும். இந்த அளவு எஞ்சின்களில் அரை மி.மீ. வந்துவிட்டாலே ரிங் முடிந்த கதைதான். ஆனால் ரிங் மட்டும் மாற்றுவதா, துளையைக் கடைந்து பெரிதாக்கி 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா என்பதை ரிங் சொல்லாது, போர்தான் சொல்லும். அதை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்காக இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லி லேத் பட்டறையில் கேளுங்கள். வால்வு சரியாக உட்கார்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டிவிட்டு போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுங்கள், சீட் ஓரத்தில் கசிந்தால் திரும்ப லேப்பிங்தான், அதாவது வால்வையும் சீட்டையும் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்துவது.

பழைய கேஸ்கெட்டை உளியாலும் திருப்புளியாலும் சுரண்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அலுமினியத்தில் விழுந்த கீறலை எவ்வளவு கேஸ்கெட் பேஸ்ட் தடவினாலும் மூட முடியாது, அதிகமாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். நம்ம ஷெட்டுகளில் புழங்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் வெளிப்பக்கம் துடைக்க அருமையானது, ஆனால் நூல் பிரியும், எஞ்சினின் உட்பாகங்களுக்கு வேண்டாம்.

மாட்டும்போது எல்லாருக்கும் தெரிந்தும் தவறுவது சில உண்டு. ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே, ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி, பிஸ்டனில் 'இன்' என்று பொறித்த பக்கம் இன்டேக் பக்கம். பிஸ்டன் பின் லாக் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) எப்போதும் புதிதுதான், பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. பத்து இருபது ரூபாய் லாக் கழன்றால் போர் மொத்தமும் போகும். லாக் போடுவதற்கு முன், அது உள்ளே விழுந்துவிடாமல், கிராங்க் கேஸ் வாயை நூல் பிரியாத துணியால் மூடுங்கள். சைடு கவர் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை என்பதால், அட்டையில் கவர் மாதிரி வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணையில் டைட் வைக்க வேண்டும். மரையில் ஆயில் போட வேண்டுமா என்பதை மேனுவல் பார்த்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஆயில் பட்ட மரையில் அதே டார்க் (முறுக்கும் விசை) வைத்தாலும் இறுக்கம் அதிகமாகும்.

டைமிங் வைத்து (கிராங்க், கேம் குறிகளைச் சேர்த்து) செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் மாட்டியபின், பிளக் போடாமல் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி மேக்னட் குறியையும் கேம் குறியையும் மறுபடி பாருங்கள். எங்காவது தட்டினால் பலம் கொடுக்காதீர்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது.

கடைசியாக ஒன்று, டார்க் ரெஞ்ச் வாங்கும்போது கார் வீலுக்கு விற்கிற பெரியதை வாங்காதீர்கள். பைக்கில் பெரும்பாலானது 6 மி.மீ. போல்ட், அதற்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார்தான், பெரிய ரெஞ்ச் அந்த அளவை உணர்வதற்குள் மரை போய்விடும். 5 முதல் 25 வரை காட்டுகிற சின்னது முதலில் வாங்குங்கள், ஃபீலர் கேஜோடு சேர்த்து.