பத்தாம் வகுப்புக் கணக்கில் 35: பெற்றோர் கேள்விகளுக்குக் கணக்காசிரியர் பதில்

கேள்வி: சார், பையன் அரையாண்டில் கணக்கில் 38. பாஸ்தானே, அப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். விடைத்தாளை வாங்கி, அந்த 38 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆக 30. கூடவே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு போட்டால் தேர்ச்சிக்கு வேண்டிய 35 வந்துவிடும். தொடுகோடு வரையும் படிகள் கைக்குப் பழகிவிட்டால், ஆரத்துக்கும் தொடுகோட்டுக்கும் நடுவே ஏன் செங்கோணம் வருகிறது என்று தெரியாமலே 8 வாங்கலாம். வரைபடமும் அப்படித்தான். அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவரையை அழகாக வரைவான். அது எக்ஸ் அச்சை வெட்டுகிற இடம் ஏன் சமன்பாட்டின் தீர்வாகிறது என்று கேளுங்கள். அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: அறிவியலுக்கும் 35 போதுமா?

பதில்: மொத்தம் 35. ஆனால் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 கட்டாயம் வேண்டும்.

கேள்வி: 35-க்கு மட்டும் முக்கிய வினாக்கள் தருவீர்களா?

பதில்: தரமாட்டேன். மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: தேர்ச்சியை 50 ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும். எட்டாவது வரை ஆல் பாஸ் போட்டதுதான் பிள்ளைகளைக் கெடுத்தது.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. 50 ஆக்கினால் இன்னும் 15 மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் கூடும், அவ்வளவுதான். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரை நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம் அதைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 5, 8-ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நல்லதுதான் செய்தார்கள்.

கேள்வி: அப்படியானால் ஒன்றும் தெரியாமலே மேலே அனுப்புவதா? ஒன்பதாவதில் கழித்தல் தெரியாதவனை நான் பார்க்கிறேனே.

பதில்: நானும் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். ஆனால் அவனை அதே வகுப்பில் உட்கார வைத்து, அதே பாடத்தை அதே வேகத்தில் நடத்தினால் கழித்தல் எப்படி வரும்? அவன் நிற்கிற இடத்திலிருந்து யாராவது சொல்லித்தர வேண்டும். 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது அதற்காகத்தான். ஒன்பதாவதிலும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள், உங்களோடு நானும் கேட்கிறேன். ஃபெயில் ஆனவன் பள்ளியையே விட்டுப் போனால் யாரிடம் கற்பான்?

கேள்வி: வெறும் ஜியோமெட்ரி, கிராஃப் படித்தாலே பாஸாகலாமா சார்?

பதில்: இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். பதினொன்றில் கணக்கு எடுத்தால் பிள்ளை முதல் மாதமே தடுமாறும்.

கேள்வி: மறுகூட்டலுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பின்னமே வராது. பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

பதில்: ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகம் வாங்குங்கள். முதல் பாடம் பின்னங்கள், அடுத்தது முழுக்கள். தினமும் அரைமணி நேரம் அதிலிருந்து போடட்டும், பத்தாம் வகுப்புப் பாடம் அதற்கு அப்புறம். ஆறாவது புத்தகம் என்று வீட்டில் யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.